ஜன்னலடியில் நின்ற தளபதி

கோட்டை அலுவலகத்தில் அவளுக்கு 'எங்கே போட்டிருக்கு அக்கா' என்றுதான் பெயர். யார் எதைச் சொன்னாலும் அவள் வாயில் முதலில் வருவது அந்தக் கேள்வி. கோட்டையின் வரலாறாக எழுதப்படும் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் தேடுவது அவள் வேலை. வரிக்கு ஓர் அட்டை. மூலத்தைத் தன் கண்ணால் பார்த்தால் பச்சைப் பென்சிலில் ஒரு டிக். இல்லாவிட்டால் சிவப்பில் ஒரு கோடு. சிவப்பு விழுந்த வரி யார் சிபாரிசு செய்தாலும் அச்சில் ஏறாது. வீட்டிலும் இதே கூத்துதான். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு அவளிடம் தப்ப முடியுமா? பாவம் அவள் புருஷன்!

அந்தப் புருஷன் அதே கோட்டையில் வழிகாட்டி. மேல்மாடத்தில் ஒரு சின்ன ஜன்னல். போருக்குக் கிளம்புமுன் மனைவியின் முகத்தைப் பார்க்க, தளபதி ஒருவன் மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் அங்கே நின்றானாம். இருபத்தாறு வருடமாக அவர் சொல்லும் கதை. கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவருக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

புதிய கையேடு மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். ஜன்னல் அட்டை மட்டும் பாக்கி. நான்கு புத்தகங்களில் கதை இருந்தது. நான்கும் ஒரே பத்திரிகைக் கட்டுரையை ஆதாரமாகக் காட்டின. கட்டுரையோ கோட்டையின் பழைய கையேட்டைக் காட்டியது. அலமாரியின் அடித்தட்டைக் குடைந்து, நாலு தும்மல் போட்டு, அதை வெளியே எடுத்தாள். எழுதியது யார்? அவளேதான்! வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எழுதியது. 'ஆதாரம்: வழிகாட்டி சொன்னது.'

அடக் கடவுளே! ஊரையே குடைந்தெடுப்பவள் அன்றைக்கு அவரிடம் 'எங்கே போட்டிருக்கு' என்று கேட்காமலே எழுதியிருக்கிறாள்.

கோட்டை பார்க்க வந்த கடைசிக் கூட்டம் இறங்கியதும் மேல்மாடத்துக்கு ஏறினாள். சிவப்புக் கோடு போட்டுவிட்டால், மனுஷன் நாளைக்கு எந்த முகத்தோடு அந்த ஜன்னலடியில் நிற்பார்?

"ஏங்க, தளபதி கதையை உங்களுக்கு யாரு சொன்னா?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "யாரும் சொல்லல. நீ வேலைக்குச் சேந்த வாரம், உனக்குச் சுத்திக் காட்டச் சொன்னாங்க. எல்லா ரூமும் முடிஞ்சு போச்சு. நீ நோட்டை மூடிட்டுக் கெளம்பிட்ட. இன்னும் அஞ்சு நிமிஷம் நிக்க வைக்கணும்னு தோணுச்சு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"அடப்பாவி மனுஷா! அஞ்சு நிமிஷத்துக்கா நாலு புத்தகம்?"

"நீதான் உடனே எழுதிக்கிட்டியே, அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?" என்றவர் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "கோடு போட்டுடு. போடலைன்னா உனக்குத் தூக்கம் வராது. என்னையும் தூங்க விட மாட்ட."

போட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சிரிப்பும் வந்தது. கோடு மட்டும் கோணவில்லை.

மறுநாள் முதல் கூட்டத்தோடு அவர் மேலே போனபோது, அவள் படிக்கட்டில் நின்று காதைக் கொடுத்தாள். ஜன்னலருகே குரல் நின்றது. ஒரு கனைப்பு.

"இங்க ஒரு வழிகாட்டி நின்னாரு. ஒரு பொண்ணு கெளம்பிடக் கூடாதேன்னு பெரிய பொய்யா ஒண்ணு சொல்லிட்டு நின்னாரு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "இதுக்கு என்ன சார் ஆதாரம்?"

அவள் மீதிப் படிகளையும் ஏறி வந்தாள்.

"நான்தாங்க," என்றாள்.