லாரிக்கு அடியிலிருந்து பார்த்தால்

தலையைத் தரையில் ஊன்றிக் காலை வானத்துக்குக் காட்டும் பிள்ளைகள் உலகமெங்கும் இருக்கிறார்கள் என்பது என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பனி பெய்யும் ஊரில் ரயில் நிலையத்துப் பளிங்கின் மேல், கடலோர ஊரில் பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டியின் மேல், எங்கோ கூரை போன கட்டடத்தின் சிமெண்டுத் தரையில். ஒருவர் பேச்சு இன்னொருவருக்கு விளங்காது. ஆனால் ஒருத்தி முதுகால் சுழன்று எழுந்தால், அவள் சொன்னது என்னவென்று எதிரில் நிற்பவனுக்கு விளங்கிவிடுமாம். நாமக்கல்லில் என் மகளுக்கு வாய்த்த தரை லாரியின் முதுகு.

என் வீட்டுக்காரர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். மொட்டையாக வரும் வண்டி, மரமும் இரும்பும் பெயிண்டும் ஏறி மாப்பிள்ளை மிடுக்கோடு திரும்பிப் போகும். நடுவில், பலகையை இழைத்துப் பதித்த பின் வரும் சில நாட்கள் அந்தத் தளம் யாருக்கும் சொந்தமில்லை. கல்லூரியிலிருந்து வந்ததும் மகள் அதில் ஏறிவிடுவாள். சொந்தக்காரர்கள் கேட்டால் 'எக்சர்சைஸ்' என்று சொல்லிவைத்திருந்தோம். பொய்யில்லை. கொஞ்சம் குறைத்துச் சொன்ன உண்மை.

பிரேக் டான்ஸ் ஆடும் பிள்ளைகளைப் பற்றி நாடு நாடாகப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் இயக்குநர், இணையத்தில் இவளைப் பார்த்துவிட்டு ஒரு கேமராக்காரருடன் சென்னையிலிருந்து வந்து இறங்கினார். அன்று ஒரு பிற்பகல்தான் நேரம். சாயங்காலம் அவர்களுக்கு ரயில். மகளோ ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தன்னிடம் இருப்பதிலேயே நல்லதைக் காட்ட வேண்டும் என்றாள். விண்ட்மில்: தோளும் முதுகும் தரையில் மாறி மாறி உருள, விரித்த கால்கள் மேலே காற்றாடியாகச் சுற்றும் வித்தை. அதைப் படிக்க அவள் இடத்தோளில் எத்தனை முறை தைலம் தேய்த்தேன் என்பதை என் கைகள் அறியும்.

மறுநாள் காலை டெலிவரி ஆக வேண்டிய லாரி ஒன்று தயாராக நின்றது. ஷூவோடு ஏறக்கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால் வெறுங்காலோடு ஏறினாள். ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். இரண்டாவது சுற்றில், லாரியின் சொந்தக்காரர் மாலையும் எலுமிச்சம்பழப் பையுமாக உள்ளே வந்தார். பூஜைச் சாமான்களை முந்தின நாளே கொண்டுவந்து வைக்கும் திருச்செங்கோட்டுப் பக்கத்து மனிதர். தன் புது வண்டியில் ஒரு பெண் உருள்வதைப் பார்த்தார். செருப்பை உதறினார். கைகூப்பினார்.

"ஏனுங்க, என்ர வண்டிக்காவ அங்கப்பிரதட்சணம் பண்றாங்களா அம்மிணி?" என்றார், கண் கலங்கி.

நாங்கள் யாரும் மறுக்கவில்லை. கலங்கிய கண்ணை யார் திருத்துவது? இயக்குநரம்மா, 'எடு' என்பதுபோல் கேமராக்காரரின் முழங்கையைத் தட்டியதை நான் பார்த்தேன். ஆனால் கூப்பிய கை சட்டென்று பிரிந்தது. இடப்பக்கமாகச் சுற்றுகிறதே என்றார். கோயிலில் யாராவது இடம் சுற்றுவார்களா, முதல் சுற்றே இடமாகப் போன வண்டி நாளைக்கு ஊர் போய்ச் சேருமா என்று கேட்டார். நடந்தது நடந்துவிட்டது, இனி வலமாகச் சுற்றி முடித்தால்தான் வண்டியை எடுப்பேன் என்று டயரில் சாய்ந்துகொண்டார். என் வீட்டுக்காரர் முகம் பிரைமர் அடித்த தகடு நிறத்துக்கு வந்தது.

மகள் பொறுமையாகத்தான் விளக்கினாள். ஆடுகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. மறுபக்கம் சுற்றுவது இடக்கையால் கையெழுத்துப் போடுவது மாதிரி. அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "செரிங்க சாமி, கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாருங்க" என்றார்.

முயன்றாள். வண்டியிலிருந்து அவிழ்ந்த சோளத்தட்டுக் கட்டு போலச் சரிந்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. எழுந்தவள் இயக்குநரைப் பார்த்து, "அக்கா, அதை மட்டும் படத்துல போட்றாதீங்க" என்றாள். வெயில் பட்டறைக் கூரையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது.

மொழிபெயர்ப்பு வேலையில் வார்த்தையைத் திருப்பிப் போட்டுப் பிழைக்கிறவள் நான். திசையைத் திருப்ப முடியாதா?

"ஏனுங்கண்ணா, நாளைக்கு எலுமிச்சம்பழத்தை எங்க வெப்பீங்க?"

"சக்கரத்துக்கு அடியிலதானுங்க."

"அப்ப வண்டியைக் காக்குற சாமி ரோட்டுப் பக்கமிருந்துதானே பாக்கும்? கீழ இருந்து பாத்தா அவ வலமாத்தானுங்க சுத்தறா."

இப்படிச் சொல்லிவிட்டு உள்ளுக்குள் என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் அவர் காதால் கேட்டதை நம்புகிற ஆள் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். துண்டைத் தரையில் விரித்தார். மல்லாந்து, லாரிக்கு அடியில் ஊர்ந்து போய்விட்டார். புதுப் பலகைகளுக்கு நடுவே கத்தி நுழையும் அளவுக்கு இடுக்கு உண்டு. அதில் கண்ணை வைத்துக்கொண்டு, "சுத்தச் சொல்லுங்க" என்று கீழிருந்து உத்தரவு வந்தது.

அவள் சுற்றினாள். கோபத்தில் சுற்றினாள் என்பது என் எண்ணம், அவ்வளவு அழகாக அவள் அதற்கு முன் சுற்றியதில்லை. பலகை அதிர்ந்தது. மரத்தூள் அவர் முகத்தில் கொட்டியிருக்க வேண்டும், தும்மினார். தும்மலுக்கு அப்புறம் தீர்ப்பு: "வலந்தானுங்க. சுத்த வலம்."

அதற்குள் கேமராக்காரரும் அவர் பக்கத்தில் போய்ப் படுத்திருந்தார். மேலே எடுக்க வேண்டியவர் கீழே படுத்திருப்பதை, மகள் எழுந்து நின்ற பிறகுதான் கவனித்தாள். இன்னொரு முறை எடுக்க வெளிச்சம் மிச்சமில்லை.

படம் சில மாதங்கள் கழித்து வந்தது. வீட்டு டிவியில் போட்டோம், லாரிக்காரரையும் அழைத்திருந்தோம். பளிங்கு, அட்டைப்பெட்டி, சிமெண்டு. பிறகு திரை முழுக்க இருட்டு, அதில் நீள நீளமாக வெளிச்சக் கோடுகள், கோடுகளைக் கிழித்துக்கொண்டு ஓர் உடம்பு சுழல்கிறது. இருட்டு, ஒளி, இருட்டு. எந்த ஊர்ப் பிள்ளைக்கும் அப்படி ஒரு காட்சி வாய்க்கவில்லை. எங்கள் பெண்ணின் முகம் மட்டும் அதில் ஒரு விரற்கடைகூட இல்லை. அடுத்து, லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் லாரிக்காரரின் இரண்டு கால்கள், தெளிவாக. அவர் பூரித்துப்போய், "பாத்தீங்களா அம்மிணி, வலந்தானே?" என்றார்.

அவர் போன பிறகு மகள் இரவுச் சோற்றை எனக்கு முன்னாலேயே முடித்தாள்.

"எந்தெந்த நாட்டுலயோ கேக்கறாங்கம்மா, யாரு அந்த வலப்பக்கம் சுத்தற பொண்ணுன்னு" என்றாள், தட்டைக் கழுவிக்கொண்டே. "நேர்ல வந்து ஆடிக் காட்டச் சொன்னா நான் என்ன பண்றது?"

இப்போது சாயங்காலங்களில் பட்டறையிலிருந்து தொம்மென்று ஒரு சத்தம், சற்று நேரம் கழித்து இன்னொன்று. பலகை இறக்குகிறார்கள் என்று பக்கத்துப் பட்டறைக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நான் தைலத்தைச் சூடாக்கி வைக்கிறேன், இந்த முறை வலத்தோளுக்கு.