மூன்றாவது அருவியில் ஒரு யானை

அருவிகளைவிட விடுதிகள் அதிகமாகிவிட்ட அந்த மலையூரில், மூன்றாவது அருவியைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் தீர்த்துவைப்பவர் அருவியம்மா. ஊர் வைத்த பட்டம் அது. பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே, மாடியில் நான்கு அறையும் கீழே சாப்பாட்டுக் கூடமுமாக ஒரு விடுதி நடத்துகிறார். காலையில் மலையேறக் கிளம்புகிறவர்கள் கையில் தேநீரோடு அவர் முன் உட்கார்ந்து பாடம் கேட்பார்கள்.

“தண்ணி விழற இடத்துக்கு வலது பக்கம் பாருங்க. அசல் யானை மாதிரி ஒரு பாறை. தும்பிக்கை தண்ணிக்குள்ள இருக்கும். வெயில் பட்டா கண்ணைச் சிமிட்டும்.”

இந்த வர்ணனையில் ஒரே ஒரு குறை. அருவியம்மா அந்த அருவியைப் பார்த்ததில்லை.

இதைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆள் தங்கியிருந்தால் சமையல், வெந்நீர், போர்வைத் துவையல். ஆள் இல்லையென்றால் அது மழைக்காலம், பாதையை மூடிவிடுவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் யாரோ ஒருவர் அங்கே யானை மாதிரி ஒரு பாறை இருப்பதாகச் சொன்னார். அருவியம்மா அதை அடுத்தவரிடம் சொன்னார். அவர் போய்விட்டு வந்து தும்பிக்கையைச் சேர்த்தார். கண்ணை மட்டும் அருவியம்மா சொந்தப் பொறுப்பில் வைத்தார். ஆச்சரியம் என்னவென்றால், போய் வந்தவர்களில் ஒருவர்கூட இதுவரை யானையைக் காணோம் என்று புகார் சொன்னதில்லை.

சிக்கல் மருமகள் உருவத்தில் வந்தது. அவள் கல்யாணமாகி வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

“அத்தை, நாளைக்கு நாம ரெண்டு பேரும் யானையைப் பார்த்துட்டு வரலாம். விடுதியை உங்க பிள்ளை பாத்துக்கட்டும்.”

“பாதையெல்லாம் வழுக்கும்மா.”

“வழுக்காத ஷூ வாங்கிட்டேன்.”

“என் கால் அளவு உனக்கெப்படித் தெரியும்?”

“உங்க செருப்பைத் தூக்கிட்டுப் போய்த்தான் வாங்கினேன். காலையில காணோம்னு தேடினீங்களே, அது நான்தான்.”

இப்படிப்பட்ட மருமகளிடமிருந்து தப்ப முடியாது. ஊரே மதிக்கிற பட்டம், நேற்று வந்த பெண்ணின் முன்னால் நாளை கழன்று விழப்போகிறது. மறுநாள் காலை அருவியம்மா புது ஷூவோடு முன்னால் நடந்தார். முதல் திருப்பத்திலேயே யாருடைய முட்டைக்கோஸ் தோட்டத்துக்குள்ளோ புகுந்தார்.

“குறுக்கு வழி,” என்றார்.

மருமகள் புடவையைத் தூக்கிக்கொண்டு முட்டைக்கோஸ்களைத் தாண்டித் தாண்டிப் பின்னால் வந்தாள்.

இரண்டாவது அருவிக்குப் பக்கத்தில் ஒரு நீள பெஞ்சு. அதற்கு மேல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டிய செங்குத்துப் பாறை. பெஞ்சு நிறைய ஆட்கள், ஷூவைக் கழற்றிவைத்து, கால் நீட்டி. ஓரத்தில், முகத்தில் துண்டைப் போட்டுக் குறட்டை விட்டவரை வயிற்றின் மேலிருந்த கேமராவை வைத்தே அடையாளம் தெரிந்தது. விடுதியின் மூன்றாம் அறைக்காரர். அருவியம்மா அவரையும் சங்கிலியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சங்கிலியைப் பிடித்தார்.

மேலே, கழுத்து வலிக்க அண்ணாந்தாலும் உச்சி தெரியாத உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டியது. வலது பக்கம் பெரணிச் செடி. இடது பக்கமும் பெரணிச் செடி. யானை வேண்டாம், ஆட்டுக்குட்டி அளவுக்குக்கூடப் பாறை இல்லை.

“அத்தை, யானை எங்கே?”

அருவியம்மா முகத்தில் தெறித்த நீரைத் துடைத்தார். “நானும் இன்னைக்குத்தான் தேடறேன்மா.”

மருமகள் திகைத்து, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, ஈரப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அருவியம்மா சிரிக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்படி ஒண்ணு இங்க இருக்கு. இதை விட்டுட்டு, இத்தனை வருஷமா யானையைப் பத்திப் பேசியிருக்கேன் பாரு.”

இறங்கும்போது பெஞ்சில் அதே துண்டு, அதே குறட்டை.

இனி உண்மையைத்தான் சொல்வது என்று அருவியம்மா முடிவெடுத்திருந்தார். சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் தொண்டையைக் கனைத்தார். “ஒரு விஷயம் சொல்லணும். அந்த யானைப்பாறை இருக்கே…”

“அடேயப்பா!” என்று கேமராக்காரர் எழுந்தேவிட்டார். “நீங்க சொன்னது அப்படியே இருக்கும்மா! என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுச்சு!”

“போட்டோ எடுத்தீங்களா சார்?” என்றாள் மருமகள்.

“எடுக்கப் போனேன். சார்ஜ் தீர்ந்துபோச்சு.”

அருவியம்மா மருமகளைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். கேமராக்காரரின் மானமும் மாமியாரின் பட்டமும் சேர்ந்தே போய்விடும். மருமகள் நிதானமாக அவருக்கு சூப் ஊற்றினாள்.

“பக்கத்துலயே அதோட குட்டி நிக்குமே சார், பார்த்தீங்களா?”

கேமராக்காரர் ஒரு வாய் சூப் குடித்தார். “பார்க்காம வருவேனா? ரொம்பச் சுட்டி!”