ஊசிக் கோபுரத்தின் பக்கம் அணைந்த மிர்

ரஷ்யாக்காரர்களின் மிர் விண்வெளி நிலையத்தைப் பாளையங்கோட்டைக்கு வரவழைத்தவள் எங்கள் பக்கத்து வீட்டுக் கெசியாதான். சரி, வரவழைத்தாள் என்பது கொஞ்சம் கூடுதல். அது தன்பாட்டுக்கு வந்தது. எப்போது, எந்தப் பக்கமாக வரும் என்பதை இவள் முன்கூட்டியே சொன்னாள். தொண்ணூற்றேழில் அதுவே பெரிய காரியம்.

அப்போது அவள் ஒரு பெண்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். இருந்ததே ஒரு கம்ப்யூட்டர். பிள்ளைகள் அதில் விளையாடத்தான் செய்கிறார்கள், அந்த அறையில் தையல் மெஷின் போட்டாலாவது உபயோகம் என்று தாளாளர் வைத்தியலிங்கம் முடிவு கட்டியிருந்தார். அறை போனால் கெசியாவின் வேலையும் போச்சு. அவள் அசரவில்லை. மெட்ராஸ் தோழி ஒருத்தி ஃபிளாப்பியில் அனுப்பிய வான வரைபட மென்பொருளைப் போட்டுப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை இருட்டியதும் மிர் தலைக்கு மேலே போகும், வந்து பாருங்கள் என்று அவரையே அழைத்தாள்.

பள்ளி மொட்டை மாடியில் தாளாளர், டீச்சர்கள், அக்கம்பக்கத்துக்காரர்கள் என்று எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றோம். ஒரு வௌவால் போனது. வேறொன்றும் போகவில்லை.

மறுநாளே காரணத்தைப் பிடித்துவிட்டாள். மென்பொருளில் தோழி தன் ஊரையே பதிந்து வைத்திருந்தாள். அங்கே உச்சியில் போனது நமக்கு வடக்கே தாழ்வாகப் போயிருக்கிறது. மெட்ராஸில் மழை என்று ரேடியோ சொன்னால் இங்கன குடை எடுக்கிற ஜனம் நாங்கள். யாருக்குச் சந்தேகம் வரும்? அவள் நேரே தாளாளரிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"ஏம்மா, மெட்ராஸ்காரன் வானத்தையா எங்களுக்குக் காட்டுதிய?"

"ஆமா சார். திங்கக்கிழமை நம்ம வானத்தக் காட்டுதேன்."

அட்லஸைப் பார்த்துத் திருநெல்வேலியின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பதிந்தாள். தென்மேற்கில் கிளம்பி உச்சிக்கு வரும், வடகிழக்கே சர்ச்சின் ஊசிக் கோபுரத்தின் பக்கம் இறங்கும்போது பூமியின் நிழலில் புகுந்து அணையும் என்று அணைகிற இடத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை சொன்ன நேரத்துக்கு ஒரு வெளிச்சப் புள்ளி தென்மேற்கில் எழுந்து சத்தமில்லாமல் வந்தது.

"திருவனந்தபுரம் பிளேன்ம்மா அது," என்றார் வைத்தியலிங்கம்.

"பிளேன்னா அணையாது சார். பைய பாருங்க."

உச்சியைத் தாண்டிக் கோபுரத்தின் பக்கம் இறங்கியது. மங்கியது. அப்படியே அணைந்தது. தாளாளர் அந்த மாடியில் நின்றபடியே இன்னும் இரண்டு கம்ப்யூட்டர் வாங்க உத்தரவு போட்டார்.

நான் எழுதுகிற இதைப் படித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கெசியா சொல்கிறாள்:

"உத்தரவெல்லாம் இல்ல ஆச்சி. தையல் மெஷின வராண்டாவுல போடச் சொன்னாரு, அவ்வளவுதான்."