மாமாவும் நான்கு ராஸ் மீன்களும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் சுவரை ஒட்டி ஐந்தடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. ஆசைப்பட்டு வைத்தவர் என் கணவர். பார்த்துக்கொள்கிறவள் நான்.

அவர் கப்பலில் இன்ஜினியர். மணப்பாட்டுக் குடும்பம், அந்த வீட்டு ஆண்கள் பெரும்பாலும் கப்பலுக்குத்தான் போயிருக்கிறார்கள். நான் சாத்தான்குளத்துக்காரி, வாத்தியார் வீட்டுப் பெண். ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டால் அம்மாவிடம் அடி விழும் ஊரில் வளர்ந்தவள். கடல் எனக்குக் கல்யாணத்தோடு வந்தது.

ஏதோ ஒரு துறைமுகத்தில், கடைக் கண்ணாடி வழியாக ஃபேரி ராஸ் என்கிற சின்னக் கடல் மீனைப் பார்த்துவிட்டு வந்தார் அவர். அடுத்த விடுமுறை முழுவதும் இந்தத் தொட்டிக்கே போயிற்று. பாறைகள் சுட்ட மண்ணில் செய்தவை. எங்கள் கடலிலிருந்து பவளத்தையோ பாறையையோ எடுத்தால் வனத்துறை கேஸ் போடும். தண்ணீரும் கடல் தண்ணீர் இல்லை. துறைமுகத்தை ஒட்டிய தண்ணீரை நம்ப முடியாது என்று, வடிகட்டிய நீரில் வெளிநாட்டு உப்பைக் கரைத்து ஊற்றினோம். கீழ்வீட்டு அண்ணாச்சி உப்பளத்தில் மேஸ்திரி. அந்த உப்பு வாளியைப் பார்த்துவிட்டு, "தூத்துக்குடியில இருந்துக்கிட்டு உப்பை வெளிநாட்டுல இருந்தா வாங்குதிய?" என்று கேட்டு, சிரிப்பு அடங்காமல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

மீன்கள் சென்னையிலிருந்து ஆம்னி பஸ்ஸில் தெர்மாகோல் பெட்டியில் வந்தன. ஓர் ஆண், மூன்று பெண். விரல் நீளம்தான் இருக்கும். பெண்கள் வெளிர் ஆரஞ்சு. ஆணுக்கு முதுகு செம்பருத்திச் சிவப்பு, வயிறு வெள்ளை. பெண்களைச் சுற்றிவரும்போது துடுப்பையெல்லாம் விரிக்கும், உடம்பில் நீலக் கோடுகள் மின்னிவிட்டு மறையும். அதைப் பார்க்க அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கப்பலுக்குப் புறப்படும் அன்று என்னிடம் சொன்னது இதுதான்: "ஏளா, இது துள்ளுத மீனு. என்ன மறந்தாலும் மேல உள்ள வலையை மட்டும் மூட மறந்துராத."

தலையாட்டினேன். காலையில் கூனி இறாலை அலசிப் போடுவது, ஆவியாகிக் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவது, வெப்பநிலை பார்ப்பது, வாரம் ஒரு நாள் இரண்டு வாளி தண்ணீரை எடுத்துவிட்டு இரண்டு வாளி உப்புநீர் கரைத்து ஊற்றுவது. முதல் சில மாதங்கள் சிரமமாகத் தெரியவில்லை. பிறகு மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது.

மாமா, என் கணவரின் அப்பா, முப்பது வருஷம் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். வாயாடி. எங்கள் கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி நின்று பேசியே எல்லாரையும் சாப்பிட வைத்தவர். வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மிஞ்சியது: "இல்ல." பசித்தாலும் "இல்ல", தண்ணீர் வேண்டுமென்றாலும் "இல்ல", என்னைக் கூப்பிடவும் "இல்ல". குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து நான்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

நான் துறைமுகம் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் கண்டெய்னர் பேப்பர்கள் தயாரிக்கிறவள். காலையில் மாமாவைக் குளிப்பாட்டி, இட்லி ஊட்டி, தொட்டிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஓடுவேன். நடுவில் கீழ்வீட்டு அக்கா ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். மதியம் ஸ்கூட்டரில் வந்து சாப்பாடு ஊட்டிவிட்டுத் திரும்ப ஓடுவேன். மீனைப் பார்ப்பது மாமாவின் வேலை ஆகிப்போனது. எனக்கு அது இன்னொரு பாத்திரம் கழுவுவது மாதிரி. கண்ணாடியைத் துடைக்கும்போது அந்த ஆண் என் கையைச் சுற்றிச் சுற்றி வரும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை. சித்திரை வெயில். இன்வெர்ட்டரில் காற்றுக்குழாய் மட்டும் ஓடியது, தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின் ஓடாது. வெப்பம் ஏறிக்கொண்டே போனது. வலையை விலக்கி, ஐஸ் நிரம்பிய பாட்டில் ஒன்றை மிதக்க விட்டேன். அது கரைந்ததும் மாற்ற இன்னொன்றை எடுக்க அடுக்களைக்குப் போனேன். ஃப்ரீசரில் மீதிப் பாட்டில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கத்தியால் நெம்பிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"இல்ல... இல்ல..."

"வாரேன் மாமா, ரெண்டு நிமிசம்."

"இல்ல! இல்ல! இல்ல!"

"வாரேங்கேன்லா!"

அன்று காலையிலிருந்து அது எத்தனையாவது தடவை என்று எனக்கே தெரியாது. விசிறச் சொல்லி ஒரு தடவை, தண்ணீருக்கு ஒரு தடவை, பாத்ரூமுக்கு இரண்டு தடவை. அடுப்பில் சோறு வேறு பொங்கி வழிந்தது. அதை இறக்கி வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டுதான் போனேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

மாமா நாற்காலியிலிருந்து பாதி சரிந்து கிடந்தார். இடது கை தரையை நோக்கி நீண்டிருந்தது. பாத்ரூமுக்குத்தான் அவசரம் என்று நினைத்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். அவர் வரவில்லை. என் கையைத் தட்டிவிட்டார். மறுபடி தூக்கினேன், சேலையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டியளா மாமா? நான் ஒருத்தி எத்தனையத்தான் பாக்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் அழ ஆரம்பித்தார். அப்போதுதான் கீழே பார்த்தேன். நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில், அவர் விரல் நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் அந்த ஆண் மீன் கிடந்தது. மொசைக் தரையில் ஈரம்கூட இல்லை. செவுள் அசையவில்லை. எடுத்துத் தொட்டியில் போட்டேன். பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. கையில் பிடித்துத் தண்ணீருக்குள் முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அவர் பார்த்திருக்கிறார். அது துள்ளி விழுந்ததிலிருந்து துடித்து அடங்கும் வரை முழுவதையும் பார்த்திருக்கிறார். இருந்த ஒரே சொல்லால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

மாமாவை நேராக உட்கார வைத்து முகத்தைத் துடைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேனா என்று ஞாபகம் இல்லை. கேட்டதாக நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. கறிவேப்பிலைத் தொட்டியில் மீனைப் புதைத்தேன். வலையைப் போட்டு மூடினேன். பிறகு இருவருக்கும் சோறு பிசைந்தேன். அவர் இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை.

கணவரிடம் சொல்லவில்லை. கடலில் நெட் கிடைக்கும்போது வீடியோவில் கூப்பிடுவார். "அப்பா சாப்பிட்டாவளா?" என்று ஒரு கேள்வி, பிறகு, "மீனைக் காட்டு." போனைத் தொட்டிப் பக்கம் திருப்புவேன். "ஆணைக் காணோமே?" என்பார். "பாறைக்குப் பின்னால நிக்கும்" என்பேன். அவர் பக்கம் நெட் அறுந்து அறுந்து வரும். அது எனக்கு வசதியாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் ஊட்டிக்கொண்டிருக்கும்போது மாமா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். இந்த முறை உடனே திரும்பிப் பார்த்தேன். தொட்டியைக் காட்டினார். பெண்களில் பெரியது மற்ற இரண்டையும் விரட்டிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் ஆரஞ்சு மறைந்து சிவப்பு ஏறத் தொடங்கியிருந்தது. ஆண் இல்லாமல் போனால் பெண்ணில் ஒன்று ஆணாக மாறும் என்று கணவர் ஒரு தடவை சொல்லியிருந்தார். நான் அதைப் பாதிதான் நம்பியிருந்தேன். அதன் பிறகு மாமாவும் நானும் தினமும் பார்த்தோம். துடுப்பில் ஒரு நாள் மெல்லிய நீலம் தெரிந்தது. பத்து நாளில் வயிறு வெளுத்தது. பேச்சில்லாமல் இருவரும் ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

இரண்டு மாதத்தில் அது முக்கால்வாசி ஆண். துணிந்து போனில் கணவரிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"என்னளா இப்படி மங்கிட்டு? சரியா தீனி போடுதியா இல்லையா?"

அன்று அலுவலகத்தில் ஒரு கண்டெய்னர் எண்ணைத் தப்பாக அடித்துத் திட்டு வாங்கியிருந்தேன். மாமா மூன்று தடவை படுக்கையை நனைத்திருந்தார். தீனி போடுகிறாயா என்று அவர் கேட்டதும் எனக்குள் ஏதோ அவிழ்ந்துவிட்டது.

"அது செத்துப்போச்சி. ரெண்டு மாசம் ஆச்சி. நான்தான் வலையைத் தொறந்து போட்டேன். இது பொட்டையில ஒண்ணு, மாறியிருக்கு."

அவர் முகத்தைப் போனுக்கு அருகே கொண்டுவந்தார். பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது. பிறகு, "ஏன் என்ட்ட சொல்லல?" என்றார்.

"சொன்னா நீங்க மீனைப் பத்திக் கேப்பிய. வலையைப் பத்திக் கேப்பிய. உங்க அப்பா அன்னைக்கு நாற்காலியில இருந்து விழப் பாத்ததைக் கேக்க மாட்டிய. என்னையும் கேக்க மாட்டிய."

"அப்பா விழுந்தாவளா?"

"பாத்தியளா. இப்பத்தான் கேக்கிய."

எல்லாவற்றையும் சொன்னேன். நான் கத்தியதையும் சொன்னேன். அழவில்லை, அழுவதற்கும் தெம்பு வேண்டும். அவர், "போனை அப்பாட்ட குடு" என்றார். மாமாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். அப்பாவும் மகனும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா, "இல்ல" என்றார், மிக மெதுவாக. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் பிரிக்கத் தெரியவில்லை.

காற்றடிக்கும் மாதத்தில், உப்பளத்துப் புழுதி வீட்டுக்குள் வரை வரும் நாட்களில், அவர் வந்து இறங்கினார். நான்கு நாள் தூங்கினார். ஐந்தாம் நாள், "அப்பாவை நான் குளிப்பாட்டுதேன்" என்று பாத்ரூமுக்குக் கூட்டிப் போனார். அரை மணி நேரம் கழித்துத் தலையிலிருந்து கால்வரை நனைந்து, மூச்சு வாங்க வெளியே வந்தார். நல்ல உடம்புக்காரர் அவர்.

"நீ எப்படிளா தனியா தூக்குன?"

"தூக்கினேன்."

அந்த வாரமே அவர் மணப்பாட்டுக்குப் போய், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்திருந்த தன் சித்தி மகளைக் கேட்டுக் கூட்டி வந்தார். அந்த மைனி இப்போது காலை எட்டிலிருந்து மாலை வரை மாமாவோடு இருக்கிறார். இனி மதியம் நான் ஓடிவர வேண்டியதில்லை.

தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்றும் அவரே கேட்டார். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். நாற்காலியிலிருந்து மாமா, "இல்ல!" என்றார். வேண்டாம் என்றாரா, தண்ணீர் கேட்டாரா தெரியாது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பேச்சு அத்தோடு முடிந்தது. தொட்டி இருக்கிறது. அவர் ஊரில் இருக்கும் வரை தண்ணீர் மாற்றுவது அவர் வேலை, போன பிறகு என் வேலை. புதிதாக மீன் வாங்குவதில்லை என்று மட்டும் எழுதாத ஒப்பந்தம்.

அவர் மறுபடி கப்பலேறுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா தலையைச் சாய்த்தேன். விழித்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. கூடத்தில் வாளி இழுக்கும் சத்தம். மைனி மாமாவிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. எழுந்து போய் ஒரு கை கொடுத்திருக்கலாம். போகவில்லை. கையைக் காலை நீட்டி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.