கோமளா அக்கா வேனுக்கு டயர் மாட்டிய கதை

டயர் கடையில் நாங்கள் வாயால் விற்பதை ரோடுதான் சரிபார்க்கும்; அதுவும் நாலு பேர் பார்க்கிற இடமாகப் பார்த்துத்தான் சரிபார்க்கும். துணிக்கடையோ மருந்துக்கடையோ, நீங்கள் எந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்றாலும் சரி. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லி அனுப்பிவிட்டு, அதே ஆள் திரும்பி வருவதைப் பார்த்ததும் குடோனுக்குள் போய் ஒளியலாமா என்று தோன்றியிருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான்.

வடசென்னையில் விம்கோ நகர் பக்கம் எங்கள் அத்தானுக்கு ஒரு டயர் கடை. என் கூடப் பிறந்த அக்காவைக் கட்டிய அவர்தான் சாத்தான்குளத்திலிருந்து என்னைக் கூட்டிவந்து கவுண்டரில் உட்கார வைத்தார். டயரைக் கழற்றி மாட்டுவது பாஷா பாய். பைக், ஆட்டோ, லோடு வண்டி என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன வருஷம் அந்த வேன் வந்து நிற்கும் வரை.

யாருடைய வண்டி

வெள்ளை வேன். நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுப்பு போகிற வகை. ஏதோ கம்பெனி ஓட்டிக் கழித்து ஏலத்தில் விட்டது. டயரெல்லாம் வழுக்கையாகத் தேய்ந்திருந்தது. பக்கத்தில் லுங்கி கட்டிய ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா. நான் நேராக லுங்கிக்காரரிடம் போய், பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்களில் முதலாவது டயரின் அகலம், கடைசி ரிம்மின் அளவு என்று பாடம் நடத்த ஆரம்பித்தேன். அக்கா ரெண்டு தடவை வாயைத் திறந்தார். "இருங்கக்கா, அண்ணன்கிட்ட சொல்லிடுதேன்" என்று அடக்கிவிட்டேன். அந்த மனுஷரும் அக்கறையாகத் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"சாவியக் குடுங்கண்ணே" என்று கையை நீட்டினேன். சாவி அக்காவின் இடுப்பில் தொங்கியது. அவர்தான் கோமளா அக்கா. எண்ணூர் குப்பத்துக் கரையில் படகு இறங்கியதும் மீனை எடுத்து ராயபுரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவர். வண்டியும் அவருடையது, ஓட்டுகிறவரும் அவரே. நான் நீட்டிய கையை மடக்கிக்கொள்ள, லுங்கிக்காரர் ஆறுதலாகச் சொன்னார்: "நீ நல்லாத்தான் சொல்ற நைனா, ஆனா நா சைக்கிளுக்குக் காத்தடிக்க வந்துக்கீறேன்."

மலையே ஏறும்

பட்ட அவமானத்தை மறைக்க அன்றைக்கு நான் கூடுதலாகப் பேசினேன். அதுதான் வினை. கடை முகப்பில் அழகுக்காக ஒரு செட் டயர் அடுக்கி வைத்திருந்தோம். பட்டன் பட்டனாக ரப்பர் புடைத்து, வண்டியில் இருந்ததைவிட அகலத்திலும் உயரத்திலும் பெரிசு. சேற்றில் போகிற வண்டிக்கானது. "இன்னாபா, இது மணல்ல போவுமா?" என்று அக்கா கேட்டார். "மலையே ஏறும்க்கா" என்றேன். நான் அதுவரை மணலில் எந்த வண்டியையும் ஓட்டியதில்லை. மலையிலும்தான்.

மாட்டி முடித்ததும் வேன் கம்பீரமாக நின்றது. பாஷா பாய் போன் எடுத்துப் படம் பிடித்தார். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துப் பார்க்க எங்கள் ரெண்டு பேருக்குமே தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் திருவொற்றியூர் ஹைரோட்டிலிருந்து ஆட்டை அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. யூ-டர்ன் அடிக்கும்போது முன் டயர் மட்கார்டில் உரசி, வண்டி பாதி திரும்பியபடி ரோட்டை மறித்து நின்றது. பின்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்தன. நான் ஓடிப்போனேன். அக்கா கண்ணாடியை இறக்கி, சத்தமே போடாமல் கேட்டார்: "மல இருக்கட்டும், மொதல்ல இந்த ரோட்ட எப்டி திருப்பறதுன்னு சொல்லு."

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று

அத்தான் அப்போது ஊருக்குப் போயிருந்தார். ஓடிய டயரை முழுசாகத் திரும்ப எடுத்தால் அவருக்கு என்ன பதில் சொல்வது? எனக்கு ஒரு யோசனை வந்தது. திரும்புகிற சக்கரம் முன்னால்தானே. முன்னால் மட்டும் பழைய அளவில் புது டயர் போட்டேன். பெரிய பட்டன் டயர் பின்னால் அப்படியே இருந்தது. உரசல் நின்றது. அக்கா நம்பி வாங்கிக்கொண்டு போனார்.

நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிக்கு நான்கு டயரும் ஒரே அளவாக இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் என்பது எனக்குத் தெரியாது. பாஷா பாய்க்கும் தெரியாது. தலை குனிந்து, பின்பக்கம் தூக்கிக்கொண்டு போகிற வேனைப் பார்த்து அவர் சொன்னது இதுதான்: "தம்பி, சமமான ரோட்லயே எறக்கத்துல எறங்குற மாதிரி போவுது பாரு, தொழுவுதா இன்னா?"

குப்பத்து மணலில்

சில நாள் கழித்து, விடிந்தும் விடியாமலும் போன் வந்தது. "கடக்காரரே, கொஞ்சம் குப்பத்தாண்ட வா." அவ்வளவுதான் சொன்னார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அலைக்குக் கொஞ்சம் மேலே, பின் சக்கரம் இரண்டும் பாதிக்கு மேல் புதைந்து வேன் உட்கார்ந்திருந்தது. நான் புகழ்ந்த பட்டன்கள் மண்வெட்டி மாதிரி மணலைத் தோண்டித் தோண்டி, தங்களுக்கே குழி வெட்டிக்கொண்டிருந்தன. அன்றைக்குப் படகுக்காரர்களுக்கு நல்ல மீன்பாடு. பாரை மீனும் வவ்வால் மீனும் பெட்டி பெட்டியாக வண்டிக்குள். அக்காவோடது மட்டுமில்லை, அந்த வண்டியை நம்பி இன்னும் நாலு பெண்கள் ஏற்றிய மீனும் உள்ளே. ஐஸ் உருகி வண்டியின் அடியிலிருந்து சொட்டியது.

பெட்டிகளை இறக்கினோம். படகு இழுக்கிற கயிற்றைக் கட்டி ஆண்கள் முன்னால் இழுக்க, நான் பின்னால் நின்று தள்ளினேன். சக்கரம் சுற்றியபோது வந்த ஈர மணல் மொத்தமும் என் மேல்தான். வண்டி வெளியே வந்தபோது வெயில் ஏறிவிட்டது, மார்க்கெட் முடிந்துவிட்டது. பாதி மீனைக் கருவாட்டுக்குத்தான் பிளந்து போட வேண்டியிருந்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அரிவாள்மனையில் மீனைப் பிளந்ததை நான் நின்று பார்த்தேன். கோமளா அக்கா என்னைத் திட்டவே இல்லை. மற்றவர்களிடம் தன் தப்பு மாதிரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அரிந்துகொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "டயர் வித்த ஆளு இவருதானாம். மூஞ்சில மண்ணு கீதே, அத்த வெச்சே சொல்லலாம்."

அத்தான் வந்ததும்

முழுசும் சொன்னேன். கேட்டு முடிக்கும் வரை அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. டயர் கம்பெனி ஆளுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் என் வாயாலேயே இன்னொரு தடவை சொல்ல வைத்தார். பிறகு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுததுக்கு நான் ஊர்ல இருந்து வரணுமால?"

முன் சீட்டில்

கம்பெனி ஆள் கேட்ட முதல் கேள்வி, வண்டி எங்கே ஓடுகிறது என்பது. எனக்குப் பதில் தெரியவில்லை. அக்காவிடம் கேட்டேன். "சொன்னா புரியாது, ஏறு" என்றார். குப்பத்து மணல் கொஞ்ச தூரம்தான். அங்கிருந்து வள்ளூர் பக்கம், கழிமுகத்து இறால் எடுக்க, அனல்மின் நிலையச் சாம்பலும் சேறுமான ஒரு வழி. பிறகு மணலியில் டேங்கர் லாரிகள் குழி பறித்த ரோடு. அதற்கப்புறம் ராயபுரம் வரை முழுப் பாரத்தோடு தார் ரோடு. மலை, மணல் என்று நான் அளந்த வண்டி பெரும்பாலும் ஓடியது தாரில்.

டிரைவர் கதவைத் திறந்தால் உள்ளே தகடு இருந்தது. ஏலக்காரர்கள் பெயின்டால் மூடியிருந்ததைச் சுரண்டியதும் வண்டிக்கான டயர் அளவு தெரிந்தது. கம்பெனி ஆள் சொன்னபடி அதே அளவில், எல்லா ரோட்டுக்கும் பொதுவான, மீன் பாரத்தைத் தாங்குகிற டயராக, ஸ்டெப்னி உட்பட எல்லாம் ஒன்று போல மாட்டினோம். மணலில் இறங்கும் முன் காற்றைக் குறைக்க வேண்டும், தாருக்கு வந்ததும் திரும்ப அடிக்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன பம்ப்பும் அத்தான் கொடுத்தனுப்பினார். முதல் தடவை போகும்போது நானும் கூடப் போனேன். காற்றைக் குறைத்ததும் டயர் லேசாகப் பரந்து உட்கார்ந்தது. வேன் மணலில் அலுங்காமல் படகு வரைக்கும் போய் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா ஏதாவது சொல்வார் என்று திரும்பிப் பார்த்தேன். சொன்னார்: "எறங்கு நைனா, நீ குந்திகினு கீற எடத்துல ரெண்டு பெட்டி வெக்கலாம்."

சிபாரிசு

போன மாதம் அக்கா இன்னொரு வேன்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பழவேற்காடு பக்கம் ஓட்டுகிறவர், இதே மாதிரி வண்டி. என்னைத் தேடி ஒருவர் வருகிறார் என்று பாஷா பாயைப் பார்த்துக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அக்கா என்னைக் கையால் காட்டி, கடையிலிருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவரிடம் சொன்னார்: "இவரு மொதல்ல சொல்றத்த மட்டும் எட்த்துக்காத. வண்டில ஏத்தி மணலுக்கு இட்டுகினு போ, அங்க நின்னு சொன்னார்னா கரீட்டா இருக்கும்."

ஆக, இந்த வட்டாரத்தில் எனக்கும் ஒரு நல்ல பெயர் கிடைத்துவிட்டது, கடை போர்டில் எழுதி வைக்கத்தான் முடியாது.