சதுப்புக்குள் போனவர்

கொழும்பு கொச்சிக்கடையில் ஏறி என் பக்கத்தில் இருந்த அந்தப் பெண், பஸ் களனிப் பாலத்தைக் கடக்கும்போது எழுந்து ஆற்றைப் பார்த்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். ஒல்லியான முகம், கையில் நனைந்த குடை. நாட்கணக்காக விடாத மழை.

"வீடு எங்க, அக்கா?" என்று கேட்டேன்.

"முத்துராஜவெல சதுப்போரத்தில, தம்பி. ஆறு பெருகினா அந்தச் சதுப்புதான் தண்ணிய வாங்கிக் கடலோரக் களப்புக்கு விடும். சரணாலயம் எண்டு போர்டும் இருக்கு. அதின்ட ஓரத்துக்கு மண் போட்டு நிரப்பித்தான் எங்களுக்கு வித்தாங்க. என்ட மனுசன் நடக்கமாட்டார். வீட்டில தனிய இருக்கிறார்."

அவர் இறங்கவேண்டிய இடத்தில் வீதியே தெரியவில்லை. நடத்துனர் சிங்களத்தில் சொல்லித் தடுத்தும் அவர் கேட்கவில்லை. முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நடந்தவர், ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீங்க போங்க தம்பி, இன்னும் தண்ணி ஏறும்."

நாணல் அவரை மறைக்கும்வரை பஸ் படியில் நின்றேன். போய்ச் சேர்ந்தாரா என்பது இன்றும் எனக்குத் தெரியாது.