மாங்காய் போடும் அட்டைக் கை

ரங்கநாதன் தெருவில் ரவிக்கைத் துணிக் கடை வைத்திருந்த அய்யாதுரை நல்ல மனுஷன்தான். ஆனால் கடையில் பாதி ஆள்தான் இருப்பார். மீதி ஆள் எங்கோ மிதந்துகொண்டிருக்கும். பஸ் கண்ணாடியில் மழையைத் துடைக்கும் கம்பி, தையல் மிஷினின் மிதிகட்டை, மடங்கி விரியும் குடை, எதைப் பார்த்தாலும் சொக்கிப்போவார். அதன் முனை காற்றில் என்ன கோடு போடுகிறது என்று மனசு பின்னாலேயே போய்விடும்.

"இன்னா நைனா, கனா கண்டுகினு கீறியா? ஒரு மீட்டர் கேட்டா ரெண்டு மீட்டர் கிழிக்கிற!" என்பாள் மீன் விற்கும் தேசம்மா. அசடு வழியச் சிரிப்பார்.

கடைக்குப் பேர் வாங்கித் தந்தவள் அவர் மனைவி தங்கபுஷ்பம். எம்ப்ராய்டரி போடுவதற்காக ரவிக்கைத் துணியில் சாக்கட்டியால் மாங்காய் வரைந்து கொடுப்பாள். ஒரே இழுப்பு! மயிலாப்பூரிலிருந்தெல்லாம் பெண்கள் தேடி வருவார்கள். எழுபத்திரண்டாம் வருஷம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது, வலது கையில் நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. "இனி அந்தச் சாக்கட்டிய என் கண்ணுல காட்டாதீய" என்று மாடி அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் போயிற்று. அது இல்லாமல் அய்யாதுரைக்குச் சோறு இறங்கவில்லை.

கைப்பிடியைச் சுற்றினால் மாங்காய் போடுகிற ஒரு கை செய்தால் என்ன? இடது கையால் சுற்றட்டுமே! துணி சுற்றி வரும் அட்டையைப் பட்டைகளாக நறுக்கினார். மூட்டுக்கு மூட்டு ஒரு பிரஸ் பட்டன். முனையில் பென்சில். ஒரு பட்டையை நீட்டினால் காகிதத்தில் முட்டை வந்தது, குறைத்தால் எட்டு, பென்சிலை அரை விரல் தள்ளி மாட்டினால் வாழைப்பூ. அந்தக் கோடுகளுக்குள்ளேயே பல மாதம் குடியிருந்தார். ஓர் ஆடி மாத மத்தியானம், காம்பு வளைந்து, வயிறு பருத்து, மாங்காய் வந்தேவிட்டது. "வந்துட்டா மகராசி!" என்று கத்தினார்.

மாடிக்கு ஓடினார். ரவிக்கைத் துணியை விரித்து, பென்சில் இருந்த இடத்தில் சாக்கட்டியை மாட்டி, "சுத்து புஷ்பம்" என்றார். வேண்டாவெறுப்பாகச் சுற்றினாள். காகிதத்தில் வழுக்கிப் போகிற பென்சில் வேறு, துணியைப் பிடித்து இழுக்கிற சாக்கட்டி வேறு. துணிக்கடைக்காரர் மூளைக்குப் பிரஸ் பட்டனை விட்டால் என்ன தோன்றும்? ரவிக்கையை மூட அது போதும்; மூட்டாக வைத்தால் ஆடும். எல்லா மூட்டின் ஆட்டமும் முனையில் சேர்ந்து, கோடு கிடுகிடுவென்று நடுங்கியது.

அய்யாதுரைக்கு உயிரே போய்விட்டது. நோகிற கையைக் குத்திக்காட்டின மாதிரி ஆகிவிட்டதே, பாவி!

தங்கபுஷ்பம் கோட்டைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். "ஐயோ, இதுக்கும் கை நடுங்குதுல்லா!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. "பாவம், தள்ளுங்க."

சாக்கட்டியைக் கழற்றி வலது கையில் பிடித்தாள். நடுக்கத்தோடேதான் போட்டாள். காம்பு கோணியது, வயிறு நெளிந்தது. நிறுத்தவில்லை, சுற்றி வந்து கோட்டை மூடினாள். "ரெண்டுல எது தேவல?"

அய்யாதுரை அவள் போட்டதைத் தொட்டுக் காட்டினார்.

"பொய் சொல்லாதீய" என்றவள், இன்னொரு துணியை விரிக்கச் சொன்னாள்.